ஒற்றை எஞ்சின் விமானமும் பழனியம்மா அக்காவின் எலுமிச்சம்பழமும்

கொழும்பிலிருந்து ராகலை மலைப் பக்கம் ஜீப்பில் வந்து இறங்கும் தேயிலை வியாபாரிகளுக்கு நாங்கள் முதலில் கொடுத்தது தேநீர் அல்ல, இஞ்சித் தண்ணீர். அத்தனை வளைவுகளில் வயிறு புரட்டி வந்தவர் நாக்குக்கு எந்தத் தேயிலை ருசிக்கும்? வர ஒரு நாள், பார்க்க ஒரு நாள், திரும்ப ஒரு நாள் என்று மூன்று நாள் போய்விடும். அதனால்தான் எண்பதுகளின் தொடக்கத்தில், எங்கள் தேயிலையை வெளிநாட்டுக்கு அனுப்பிய கம்பெனி ஒரு சின்ன விமானத்தை வாடகைக்கு எடுத்தது. இறங்குவதற்கு, வெள்ளைக்காரத் துரைமார் குதிரை ஓட்டிய பழைய புல்வெளி இருந்தது.

நான் தோட்டத்து ஃபேக்டரியில் ஃபிட்டர். படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. மிச்சத்தை மெஷினிடம்தான் படித்தேன். புல்வெளியைப் பார்த்துக்கொள்ளும் வேலையை மூன்று மாதப் பரீட்சையாக என்னிடம் கொடுத்தார்கள். ஒழுங்காக நடந்தால் வேலை நிரந்தரம். ஒரு கோளாறு வந்தாலும் விமானம் வருவது நின்றுவிடும், நானும் பழையபடி கொழுந்து உருட்டும் ரோலருக்குக் கிரீஸ் போடப் போகவேண்டியதுதான்.

ஏன் ஒரே எஞ்சின்?

விமானம் ஓட்டியவர் கேப்டன் விஜே. சிங்களவர், டிக்கோயாவில் தோட்டத்து டிஸ்பென்சரி ஐயாவின் மகனாக வளர்ந்தவர். நம்ம பேச்சை நம்மைவிட வேகமாகப் பேசுவார். ரெண்டு எஞ்சின் இருந்தால் நல்லதில்லையா என்று முதல் நாளே கேட்டேன்.

“ரெண்டு மாடு கட்டுனா ரெண்டுக்கும் புல்லு அறுக்கணும் செல்வம்,” என்றார்.

பிறகு பொறுமையாக விளக்கினார். இது டர்போப்ராப். ஜெட் விமானத்தில் இருப்பது மாதிரி ஒரு டர்பைன், அதுதான் முன்னால் இருக்கும் ப்ரொப்பெல்லரைச் சுற்றுகிறது. மலை உயரத்துக் காற்றில் சாதாரண பெட்ரோல் எஞ்சின் இளைக்கும் இடத்திலும் இது இழுக்கும். இறங்கியதும் ப்ரொப்பெல்லர் இலையை எதிர்ப்பக்கம் திருப்பினால் அதுவே பிரேக், ஆகவே எங்கள் குட்டைப் புல்வெளி போதும். குடிப்பதும் மண்ணெண்ணெய் வகை எண்ணெய்தான், பீப்பாயில் வைத்துக்கொள்ளலாம். ஒரே எஞ்சின் என்பதால் ரிப்பேர்ச் செலவும் பாதி. ஆறு பேர் காலையில் கொழும்பில் ஏறி, இங்கே தேயிலை ருசி பார்த்து, பகல் சாப்பாட்டுக்கு ஆபீஸ் திரும்பிவிடலாம்.

“ஆனா இருக்கிறது ஒண்ணே ஒண்ணு. அதுக்கு மூச்சு முட்டக் கூடாது,” என்று விமானத்தின் மூக்குக்குக் கீழே காற்றை இழுக்கும் வாயைக் காட்டினார். விமானம் நிற்கும்போதெல்லாம் அந்த வாய்க்குச் சிவப்பு மூடி போட்டிருக்கவேண்டும். கிளப்புகிற நேரத்தில், அவர் கண் முன்னால்தான் கழற்றவேண்டும். எனக்கு இருந்த பெரிய சட்டம் அது ஒன்றுதான்.

வெறும் வாயோடு அனுப்பலாமா?

எங்கள் தோட்டத்துக்கு லொறி வந்தாலும் டிராக்டர் வந்தாலும் முதலில் மாரியம்மன் கோயிலுக்குப் போய் மாலை வாங்கிக்கொண்டுதான் வேலைக்கு வரும். விமானம் கோயிலுக்குப் போகமுடியாது. ஆகவே கம்பெனி டைரக்டர் ஐயா இரண்டு வெளிநாட்டு வியாபாரிகளோடு வந்த அன்று, கோயில் தட்டு விமானத்துக்கு வந்தது. கொண்டுவந்தவர் கொழுந்து பறிக்கும் பெண்களுக்கு முன்னத்தி ஆளான பழனியம்மா அக்கா.

வந்தவர்கள் முன்னால் பெருமை காட்ட எனக்கு ஆசை. உள்ளே என்ன இருக்கிறது பாருங்கள் என்று நேரத்துக்கு முன்பே சிவப்பு மூடியைக் கழற்றினேன். பிறகு வியாபாரிகளின் தேயிலைச் சாம்பிள் பெட்டிகளை ஏற்றப் போய்விட்டேன்.

பதினொரு மணி. பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி ஏறத் தொடங்கியது. எல்லோரும் ஏறிவிட்டார்கள். வியாபாரிகளுக்கு அன்று மாலையே கட்டுநாயக்கா ஏர்போர்ட்டில் ஊருக்கு விமானம். அந்த அவசரத்தில் மூடியைப் பற்றிக் கேட்காமலே, கிளப்பப்போகிறேன் என்று கேப்டன் கட்டைவிரலைக் காட்டினார். அப்போது அக்கா என் பக்கத்தில் வந்து நிம்மதியாகச் சொன்னார்:

“எல்லாம் நல்லபடியா முடிச்சிட்டேன் தம்பி. வாசலுக்கு வந்தத வெறும் வாயோட அனுப்பலாமா? ரெண்டு எலுமிச்சம்பழமும் கொஞ்சம் பூவும் வாய்க்குள்ள வச்சிருக்கேன்.”

பேசாமல் இருந்தால் என் தவறு யாருக்கும் தெரியாமலே போகலாம், பழம் அங்கேயே சும்மா கிடக்கலாம் என்றும் ஒரு எண்ணம் ஓடியது. அதை இன்றும் மறைக்கமாட்டேன். ஆனால் கண்ணாடிக்குப் பின்னால் நான்கு முகம் தெரிந்தது. விமானத்துக்கு முன்னால் ஓடி இரண்டு கையையும் தலைக்கு மேலே குறுக்கே போட்டேன். நிறுத்து என்பதற்கு அதுதான் சைகை.

கேப்டன் இறங்கினார். பின்னாலேயே டைரக்டர் ஐயாவும் இறங்கி, மூடுபனி உங்களுக்காகக் காத்திருக்குமா என்று சத்தம் போட்டார். நான் அக்காவைக் காட்டவில்லை.

“மூடிய முன்னாடியே கழட்டுனது நாந்தாங்க. உள்ள பழம் இருக்கு,” என்றேன்.

ஒரு பழம் கைக்கு எட்டியது. மற்றது உள்ளே உருண்டிருந்தது. எஞ்சின் மேல்தகட்டைக் கழற்றி, பழத்தையும், உள்ளே இருக்கும் கம்பிவலையில் சிக்கிக் கிடந்த செவ்வந்திப் பூவையும் எடுக்க இருபது நிமிஷம் ஆனது. கழற்றிய ஸ்குரூவை ஒவ்வொன்றாகக் கேப்டனே வாங்கிக்கொண்டார். மேலே ஏறும்போது பூ அடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டைரக்டர் ஐயா கேட்டார். கேப்டன் எதிர்மலையைப் பார்த்துவிட்டு, “அதக் கேக்காதீங்க சார்,” என்றார்.

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். கேப்டன் அவரிடம் போய், அடுத்த தடவை பழத்தைச் சக்கரத்துக்கு அடியில் வைக்கச் சொன்னார், தானே ஏற்றி நசுக்குவதாகவும் சொன்னார். ஏறுவதற்கு முன் என் தோளில் கை வைத்தார்.

“தப்பு செஞ்சே. அதுக்கு அப்புறம் திட்டுறேன். நிறுத்துனியே, அதுக்கு என்னிக்கும் திட்டமாட்டேன்.”

பனி புல்வெளியின் ஓரத்தைத் தொடும்போது விமானம் எழுந்துவிட்டது. அடுத்த வாரம் சொன்னபடியே வந்து திட்டினார், நன்றாகவே. ஆனால் வேலையை நிரந்தரமாக்கிய கடிதமும் அவர் சிபாரிசில்தான் வந்தது என்று பிறகு தெரிந்தது.

இப்போது மெஷின் வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். நிறுத்தச் சொன்னவனைக் கடிந்துகொள்ளாத ஆள் மேலே இருந்தால்தான் கீழே இருப்பவன் வாயைத் திறப்பான். அப்படி ஓர் ஆளிடம் வேலை பார்த்தது என் பாக்கியம். அதற்குப் பிறகு நான் அந்தப் புல்வெளியில் இன்னும் நான்கு தடவை கையைக் குறுக்கே போட்டேன். மூன்று தடவை ஒன்றுமே இல்லை, வெறும் சந்தேகம்தான். கேப்டன் நான்கு தடவையும் எஞ்சினை நிறுத்தி, இறங்கி வந்து, முழுசாகச் சுற்றிப் பார்த்துவிட்டு, “சரி, போவோமா?” என்று என்னிடம்தான் கேட்டார்.