மிளா வரும் என்று சொன்னேன்

பள்ளிக்கூடத்தை விட்ட வருஷம் அப்பாவும் நானும் சேர்ந்து குழி எடுத்து வைத்த ரப்பர் மரங்கள்தான் இன்றைக்கும் நான் பால் வெட்டிக்கொண்டிருப்பவை. அப்போது ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தேன். இப்போது ஐம்பதை நெருங்குகிறேன். அறுபது சென்ட் நிலம். தக்கலையிலிருந்து வரும் பஸ் திரும்பிப் போகிற இடத்துக்கு மேலே, ரோடு முடிந்து மண்பாதை தொடங்கும் சரிவில் இருக்கிறது. அதற்கு மேலே இன்னும் நாலைந்து தோட்டங்கள், அப்புறம் காடு.

ரப்பர் மரத்துக்கு ஆயுசு கணக்கு உண்டு. முப்பது வருஷத்துக்குப் பிறகு கீழ்ப்பட்டையில் வெட்ட இடம் இருக்காது. ஏணி வைத்து மேலே வெட்ட வேண்டும். அதுவும் முடிந்தால் மரத்தை முறித்து விற்றுவிட்டுப் புதுக் கன்று வைப்பார்கள். கன்று வைத்து ஏழு வருஷம் பொறுத்தால்தான் பால். என் மரங்கள் அந்தக் கட்டத்தைத் தாண்டி நிற்கின்றன. இப்போது வைத்தால் என் கைக்குத் தெம்பு இருக்கும்போதே வெட்டலாம். இன்னும் தள்ளிப்போனால், கன்று மரமாகும்போது நான் ஏணி ஏற முடியாதவனாகிவிடுவேன். எனக்குப் பின்னால் வெட்ட ஆள் கிடையாது. கல்யாணம் நடக்கவில்லை. ஏன் என்று கேட்டால் சொல்வதற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. பெண் பார்க்கப் போன இடங்களில் நான் வாயைத் திறக்கவில்லை, அவ்வளவுதான். அம்மா போன பிறகு வீட்டில் நான் மட்டும். தங்கச்சி கருங்கல்லில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் போன் பண்ணுவாள், சாப்பிட்டாயா என்று கேட்பாள், சாப்பிட்டேன் என்பேன்.

மரத்தை முறிக்கலாம் என்று நான் முடிவெடுத்த சமயத்தில்தான் கோடு விஷயம் வந்தது. காட்டைச் சுற்றி இத்தனை தூரம் வரை காப்பு எல்லை என்று ஒரு வரைபடம் வருகிறது, அதற்குள்ளே விழுகிற நிலத்தில் பட்டா யார் பேரில் இருந்தாலும் மரம் முறிக்க, வீடு கட்ட, கிணறு தோண்ட எல்லாவற்றுக்கும் அனுமதி வாங்க வேண்டும் என்று பேச்சு. உலக நாடுகள் எல்லாம் ஒன்றுகூடிக் காட்டைக் காப்பாற்றுவதாகக் கையெழுத்துப் போட்டிருக்கின்றனவாம், அதன்படி வருகிறதாம். டீக்கடையில் எல்லா நாளும் இதே பேச்சுதான். நான் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து கேட்பேன்.

எனக்குக் கீழ்த்தோட்டம் ஒரு அண்ணனுடையது. சொந்தத்தில் அண்ணன் இல்லை, ஊர் முறையில். வளைகுடாவில் பதினைந்து வருஷம் இருந்துவிட்டு வந்தவர். பாலை உறைய வைத்து ஷீட் அடிக்கிற உருளை மெஷின் அவருடைய ஷெட்டில்தான் இருக்கிறது. சின்ன தோட்டக்காரர்கள் நாங்கள் எல்லாரும் அதில்தான் அடிப்போம். எங்கள் பக்கத்தில் அப்படித்தான், மெஷின் ஒருவரிடம் இருந்தால் அந்தச் சரிவு முழுக்க அங்கேதான் கூடும். காலை ஒன்பது மணிக்கு நான், முந்தின நாள் உறைய வைத்த பாலோடு போவேன். அவர் கைப்பிடியைச் சுற்றுவார், நான் ஷீட்டைப் பிடித்து உள்ளே விடுவேன். அவர் பேசுவார், நான் கேட்பேன். ஒரு நாளில் எனக்கு மனிதக் குரல் அதிகம் கேட்கிற நேரம் அதுதான்.

கருத்துக் கேட்பு கூட்டம் என்று நோட்டீஸ் வந்ததும் அண்ணன்தான் எல்லாரையும் ஷெட்டில் கூட்டினார். என்ன பேச வேண்டும், யார் பேச வேண்டும் என்று பிரித்துக் கொடுத்தார். எங்கள் சரிவில் காட்டு மிருகமே கிடையாது, இது அறுபது எழுபது வருஷமாக வெறும் ரப்பர், இதுதான் எல்லாரும் சொல்ல வேண்டியது. மிருகமே இல்லாத இடத்துக்குக் காப்பு எதற்கு என்பது அவர் கணக்கு. என் முறை வந்தபோது சிரித்துவிட்டார்.

"நீ ஒண்ணும் பேசண்டாம் மக்கா. நீ எவ்வளவு பேசுவேன்னு எங்களுக்குத் தெரியாதா. ஆளெண்ணத்துக்கு வந்து இரு, அது போதும்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உண்மையில் எனக்கு நிம்மதியாக இருந்தது.

கூட்டம் கல்யாண மண்டபத்தில் நடந்தது. மேடையில் மூன்று அதிகாரிகள், கீழே நூறு நாற்காலி. அண்ணன் முதலில் பேசினார். நன்றாகப் பேசினார். எங்கேயோ குளிர்ந்த அறையில் உட்கார்ந்து யாரோ ஒரு கோடு கிழிப்பார்கள், என் அப்பன் கல்லைப் பெயர்த்து உண்டாக்கிய நிலத்தில் ஒரு மரத்தை முறிக்க நான் அவர்களிடம் போய் நிற்க வேண்டுமா என்று கேட்டார். காட்டை அழித்துப் பெரிய பெரிய நகரம் கட்டியவர்கள் அவர்கள், அதற்கு எங்கள் பட்டாவையா பணயம் வைப்பது என்றார். கை தட்டினோம். அப்புறம் நாகர்கோவிலில் இருந்து வந்திருந்த ஒரு இளம்பெண் எழுந்தாள். இந்த மலை வறண்டால் கீழே வயலுக்கும் உங்கள் கிணற்றுக்கும் தண்ணீர் எங்கிருந்து வரும், நிலம் உங்களுடையது, அதில் ஊறி இறங்குகிற தண்ணீர் உங்களுக்கு மட்டுமா என்று கேட்டாள். பின்னால் இருந்து ஒருவர், "மோளே, உனக்க வீட்டுக்கு எத்தனை சென்டு உண்டு?" என்றார். சிரிப்பு எழுந்தது. அவள் முகம் சிவந்தாலும் உட்காரவில்லை, முழுவதையும் சொல்லி முடித்தாள். அண்ணன் சொன்னதும் அவள் சொன்னதும் எனக்குச் சரியென்றே பட்டது. போன சித்திரையில் என் கிணற்றில் வாளி தரையைத் தட்டியதை நினைத்துக்கொண்டேன். மரத்தை முறிக்க வேண்டும் என்பதையும் நினைத்துக்கொண்டேன்.

அதன் பிறகு ஒவ்வொருவராக எழுந்து மிருகம் இல்லை, மிருகம் இல்லை என்றார்கள். நடுவில் இருந்த அதிகாரிக்கு அலுத்துவிட்டது போல. மதுரைப் பக்கத்துக்காரர் என்று பேச்சில் தெரிந்தது. மேடையிலிருந்து இறங்கி நாற்காலிகளுக்கு நடுவே நடந்து வந்தார். கடைசி வரிசையில் என் பக்கத்தில் நின்றார். என் கையைப் பார்த்தார். ரப்பர் பால் காய்ந்து விரல் இடுக்கெல்லாம் கறுத்திருக்கும், வெட்டுகிறவன் கையை மறைக்க முடியாது.

"நீங்களே வெட்டுவீங்களா?" என்றார்.

ஆமாம் என்றேன்.

"எத்தனை மணிக்குப் போவீங்க?"

விடிவதற்கு முன்பே போய்விடுவேன், நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு என்றேன். தனியாகவா என்று கேட்டார். தனியாகத்தான் என்றேன். பயமாக இருக்காதா என்றார். பழக்கம்தான் என்றேன். அவருக்கு உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். என்னைப் பார்த்து ஒருவர் வரிசையாக நாலு கேள்வி கேட்டு எத்தனை வருஷமாயிற்று என்று எனக்கு நினைவில்லை.

"அந்த நேரத்துல என்னதான் பாப்பீங்க?"

"மிளா வரும்" என்றேன்.

கடமானை எங்கள் பக்கத்தில் மிளா என்போம். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. கொம்பில் ஒரு கிளை ஒடிந்த பெரிய மிளா ஒன்று உண்டு, ஷீட் கழுவ நான் தண்ணீர் பிடித்து வைக்கிற தொட்டியில் வந்து குடிக்கும், லைட் பட்டால் ஓடாது, தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி குடிக்கும் என்றேன். வெயில் காலத்தில் குட்டியோடு ஒரு பெட்டையும் வரும் என்றேன். நான் அந்தத் தொட்டியை அதற்காகவே நிறைத்து வைப்பேன் என்றும் சொன்னேன். என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது. மண்டபத்தில் அவ்வளவு அமைதி. சொல்லி முடித்த பிறகுதான் அந்த அமைதி எதனால் என்று உறைத்தது.

அதிகாரி நன்றி சொன்னார். அவர் பின்னாலேயே வந்திருந்த ஒருவர் நோட்டில் ஏதோ எழுதினார்.

வெளியே வந்ததும் யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் ஏதாவது சொல்லியிருப்பேனோ என்னவோ. அண்ணன் மட்டும் பைக்கில் ஏறும்போது, "நல்லா பேசினே கேட்டியா" என்றார். மறுநாள் ஒன்பது மணிக்குப் பாலோடு போனபோது ஷெட் பூட்டியிருந்தது. அதற்கு அடுத்த நாளும் பூட்டியிருந்தது. மூன்றாம் நாள் மத்தியானம் மெஷின் ஓடுகிற சத்தம் என் வீட்டுக்குக் கேட்டது. எல்லாருக்கும் நேரத்தை மாற்றியிருக்கிறார்கள், எனக்குச் சொல்லவில்லை.

அதன் பிறகு நான் ஷீட் அடிக்கவில்லை. பாலை மரத்தில் கட்டிய சிரட்டையிலேயே உறைய விட்டு ஒட்டுப்பாலாக எடுத்துச் சாக்கில் கட்டிக் கடையில் போட்டேன். நாற்றம் வீடு முழுக்க இருந்தது. ஆனாலும் நாற்றத்தை விட மத்தியானங்கள்தான் கஷ்டம். சத்தம் கேட்கும், சிரிப்பு கேட்கும், யார் சிரிக்கிறார்கள் என்றுகூடத் தெரியும். ஆராதனைக்குப் போனால் பெஞ்சில் என் பக்கத்து இடம் காலியாக இருக்கும். தங்கச்சி போனில் கேட்டாள், அங்கே என்ன பிரச்சனை என்று. ஒன்றுமில்லை என்றேன்.

மழைக்காலம் முடிந்து வரைபடம் வந்தது. எங்கள் சரிவு முழுவதும் கோட்டுக்குள்ளே. கிராம அலுவலகச் சுவரில் சர்வே எண்களை ஒட்டியிருந்தார்கள். டீக்கடையில் நான் உட்கார்ந்ததும் இரண்டு பேர் எழுந்து போனார்கள். ஒருவர் போகிறபோக்கில், மிளாவுக்கு இனி ரேஷன் கார்டும் குடுப்பாவ என்றார்.

எனக்கு அன்றைக்கு இருப்புக் கொள்ளவில்லை. தக்கலைக்குப் போய், அலுவலகங்களுக்கு எதிரே மனு டைப் பண்ணிக் கொடுக்கிற கடையில் வரைபடத்தோடு வந்த ஆவணத்தை எடுத்துத் தரச் சொன்னேன். இங்கிலீஷில் இருந்தது. கடைக்காரர் பொறுமையானவர். எங்கள் ஊர் வருகிற இடங்களை எல்லாம் தேடித் தமிழில் சொன்னார். வானத்திலிருந்து எடுத்த படத்தை வைத்துக் காட்டு எல்லையிலிருந்து தூரம் அளந்து கோடு போட்டதாக எழுதியிருந்தது. கூட்டம் நடந்தது, மக்கள் கருத்து கேட்கப்பட்டது என்று ஒரே ஒரு வரி. மிளா என்று எங்கேயும் இல்லை. கூட்டத்துக்குச் சில மாதங்களுக்கு முன்பே போட்ட படம் அது என்று தேதியைக் காட்டினார். அண்ணன் பேசியதும் இல்லை, அந்தப் பெண் பேசியதும் இல்லை, நான் பேசியதும் இல்லை.

அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நேராக அண்ணன் வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் ஷீட் காயப்போட்டுக்கொண்டிருந்தார். வழி முழுக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததைச் சொன்னேன். தாளைக் கொடுத்தேன். அவர் வாங்கிப் படிக்காமல் திருப்பிக் கொடுத்தார்.

"இது எனக்குத் தெரியும். வந்த அன்னைக்கே படிச்சாச்சு. நீ சொன்னதுனால கோடு விழல்ல."

"பின்னே?" என்றேன்.

அவர் ஒரு ஷீட்டை இழுத்து நேர் பண்ணினார்.

"அந்தக் கொம்பு ஒடிஞ்ச மிளாவை நானும் பாத்திருக்கேன் மக்கா. எத்தனையோ வாட்டி. நான் சொன்னேனா?"

அவர் எங்கே வைத்துப் பார்த்தார், எந்த மாசத்தில், தனியாகவா, குட்டியோடு வந்த பெட்டையையும் பார்த்திருக்கிறாரா என்றெல்லாம் கேட்க வேண்டும் போலிருந்தது. இத்தனை வருஷம் ஒரே மெஷினுக்கு இரண்டு பக்கமும் நின்றிருக்கிறோம். ஒரு நாள்கூட அவர் சொன்னதில்லை, நானும் சொன்னதில்லை. கேட்காமல் படியிறங்கினேன். வழக்குப் போட எல்லாரும் சேர்ந்து கையெழுத்து வாங்குகிறார்கள் என்று முதுகுக்குப் பின்னால் சொன்னார். வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை.

நான் கையெழுத்துப் போடவில்லை. மரம் முறிக்க அனுமதி கேட்டுத் தனியாக மனு கொடுத்தேன். போன வாரம் ஒருவர் வந்து எண்ணிப் பார்த்து, ஒவ்வொரு மரத்திலும் வெள்ளைப் பெயின்டால் நம்பர் எழுதிவிட்டுப் போனார். எப்போது உத்தரவு வரும் என்று கேட்டதற்கு, மேலே இருந்து வர வேண்டும் என்றார். அதுவரை வெட்டலாமா என்றேன். பால் வெட்டத் தடையில்லை என்றார். ஏணியை மறு மரத்துக்கு மாற்றி வைத்தேன்.