வெட்டினேன்னு போட்டுக்கோ

சேலையூரில் என் வீட்டு ஹாலில் ஞாயிறு மதியங்களில் நண்பர்கள் நால்வர் கூடுவோம். பகடை உருட்டி, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி ஆடும் சாகச விளையாட்டு. கதையை நடத்துபவன் நான். இருவர் மந்திரவாதிகள். அருள் மட்டும் வாள்வீரன்.

தொடக்கத்தில் அவனை நம்பித்தான் மற்றவர்கள் குகைக்குள் நுழைந்தார்கள். ஆட்டம் போகப் போக மந்திரவாதிகளுக்குப் புதுப்புது பலங்கள் சேர்ந்தன; பறந்தார்கள், நெருப்பு மழை பொழிந்தார்கள். அருளுக்கு மட்டும் எப்போதும் ஒரே வேலை, வெட்டுவது.

"எனக்கும் ஏதாவது குடேன்டா," என்று ஒருமுறை கேட்டான்.

"ரூல்ஸ் அப்படித்தான் மச்சான்," என்றேன்.

அடுத்த வாரம் ஆட்டத்தின் நடுவே எழுந்தான். "பால்கனியில இருக்கேன். என் டர்ன் வந்தா வெட்டினேன்னு போட்டுக்கோ."

அப்படியே போட்டுக்கொண்டோம். அவன் பகடையையும் நானே உருட்டினேன். கதையில் எதிர்த்து நின்ற அரக்கன் செத்தான். டீ குடிக்கக் கூப்பிட்டபோது பால்கனியில் யாருமில்லை. வாசலில் அவன் செருப்பையும் காணோம். எப்போது போனான் என்று மூவருக்கும் தெரியவில்லை.

வாள்வீரனுக்குப் புதிய பலங்கள் தருகிறேன் என்று போனில் சொன்னேன். "பரவால்லடா, நீங்க ஆடுங்க," என்றான். குரலில் கோபம்கூட இல்லை. இப்போது கேம்ப் ரோட்டில் எதிர்ப்பட்டால் பைக்கிலிருந்தே கையை ஆட்டிவிட்டுப் போகிறான்.

அன்று அவன் போன பிறகும் அவன் வாள் சண்டை போட்டுக்கொண்டுதான் இருந்தது. எங்களுக்கு அது போதுமாக இருந்திருக்கிறது.