சிவப்புச் சீட்டுக்கு ஓர் ஆமென்

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்குப் போன முதல் ஆள் நான். அந்தப் பெருமையோடுதான் பெங்களூர் கண்டோன்மென்ட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸாகச் சேர்ந்தேன். ஆனால் சிவப்புச் சீட்டு ஒட்டிய புட்டியைத் தொட்டாலே கை நடுங்கும். அது இதயத்துக்கான மருந்து. சொட்டு கூடினால் விஷம். இனியும் நடுங்கினால் வார்டு வேலை கிடையாது, பஞ்சு உருட்டப் போகலாம் என்று மேட்ரன் சொல்லிவிட்டார்.

அதைக் குடிக்க வேண்டியவர் ஒரு ஜட்கா வண்டிக்காரர். நெற்றி நிறைய விபூதி, குதிரைவால் போல மீசை. மருந்து ஊற்றுமுன் சீட்டை வாய்விட்டு வாசிக்க வேண்டும் என்பது எங்கள் விதி. நான் இங்கிலீஷில் முணுமுணுத்து முடித்ததும் அவர் கைகூப்பி, "ஆமென்" என்பார்.

மேட்ரன் சோதிக்க வந்த காலையில் எனக்குக் குரலே எழும்பவில்லை. பேசாமல் புட்டியைத் திறந்தேன். வண்டிக்காரர் போர்வையால் வாயை மூடிக்கொண்டார்.

"ஜெபம் பண்ணாம குடுத்தா எப்படிம்மா? சத்தமா பண்ணு. சாமிக்குக் கேக்க வாணாவா?"

வார்டே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். சீட்டை உரக்க வாசித்து, சொட்டுகளை எண்ணி ஊற்றினேன். கை நடுங்கவில்லை.

"ஆமென்" என்று சொல்லிக் குடித்தார். மேட்ரன் தலையசைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

குணமாகி வீட்டுக்குப் போகும்போது அவர் வாசலில் நின்று மேட்ரனிடம் சரளமான இங்கிலீஷில் விடைபெற்றார். பிறகு என்னைப் பார்த்து மீசையைத் தடவிக்கொண்டார்.

எதை நினைத்து ஆமென் சொன்னாரோ, நான் கேட்கவில்லை. சீட்டை மட்டும் இன்றும் உரக்கத்தான் வாசிக்கிறேன்.