வலது பக்கத்துப் பட்டன்கள்

தீவுக்குத் தீவு போகும் கப்பல்களின் டிக்கெட் கவுன்டரில் என்னைவிட வேகமாக டிக்கெட் அடிக்க ஆளில்லை என்று நானே சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான். ஜன்னலுக்கு வந்து நின்ற பிறகு அடையாள அட்டைக்குப் பையைத் துழாவுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தமிழில் திட்டினால் கொஞ்சம் சொந்தம் ஒட்டிக்கொள்கிறது என்பதால் இந்தியில் திட்டுவேன்.

போன மழைக்காலத்தில் பாம்பூஃப்ளாட் படகு ஜெட்டிப் படியில் பாசி வழுக்கி விழுந்தேன். முழங்கை இரும்புக் கம்பியில் இடித்தது. வீக்கம் வடிந்துவிட்டது, வலது கையின் கடைசி இரண்டு விரல்களுக்கு மட்டும் உணர்ச்சி வரவில்லை, பிடிமானமும் போய்விட்டது. நரம்பு அடிபட்டிருக்கிறது, மெதுவாகத்தான் சரியாகும், ஆகாமலும் போகலாம் என்றார் டாக்டர். வீட்டுக்காரரைத் தவிர யாருக்கும் சொல்லவில்லை. எங்கள் அலுவலகத்தில் கையோ கண்ணோ தளர்ந்தவர்களை லக்கேஜ் எடை போடும் கொட்டகைக்கு அனுப்பிவிடுவார்கள். அப்படிப் போன ஒருவரைப் பார்த்து "ஐயோ பாவம்" என்று நானே சொல்லியிருக்கிறேன். அந்த ஐயோ பாவத்தை என் காதால் கேட்கத் தெம்பில்லை.

ஆனால் கீபோர்டு என்னைக் காட்டிக்கொடுக்கப் பார்த்தது. எங்கள் டிக்கெட் புரோகிராம் பழசு. அது எங்கோ ஒரு பெரிய கம்ப்யூட்டரில் ஓடுகிறது. எங்கள் மேசையில் இருப்பது அதைக் காட்டும் கறுப்புத் திரை மட்டும்தான். அதில் என்டரை அழுத்தினால் அடுத்த கட்டத்துக்குப் போகும், அவ்வளவுதான். வலது கோடியில் இருக்கும் கன்ட்ரோல் பட்டனை அழுத்தினால்தான் டிக்கெட் பதிவாகும். மரத்துப்போன சுண்டுவிரல் எனக்கே தெரியாமல் அதன்மேல் போய் உட்கார்ந்துகொள்ளும். பயணியின் பெயர் பாதியிலேயே பதிவுக்குப் பறந்துவிடும். உடனே திரையின் அடியில் ஒரு பெருக்கல் குறி விழுந்து கீபோர்டு பூட்டிக்கொள்ளும். வரிசையில் நிற்பவர்கள் எட்டி எட்டிப் பார்ப்பார்கள்.

புது கம்ப்யூட்டர்கள் வந்தபோது சென்னையிலிருந்து ஒருவர் போனில் ஒரு வித்தை சொல்லிக்கொடுத்திருந்தார். எந்தப் பட்டனுக்கு எந்த வேலை என்று ஒரு சின்ன ஃபைலில் எழுதி வைக்கலாம். கமாண்ட் திரையில் புரோகிராமின் பெயரை அடித்து, பக்கத்தில் அந்த ஃபைலின் பெயரையும் அடித்தால் கீபோர்டு அதன்படி நடக்கும். ஒரு நாள் ஷட்டர் திறப்பதற்கு முன்னால் வந்து எனக்கென்று ஒன்று எழுதினேன். வலது கன்ட்ரோலுக்கு எந்த வேலையும் இல்லை. வலது என்டருக்கும் இல்லை. பதிவு செய்வது இடது மூலை எஸ்கேப்புக்கு, அடுத்த கட்டத்துக்குப் போவது டேபுக்கு, பூட்டைத் திறப்பது எஃப் ஒன்றுக்கு. தினமும் அடிக்க வேண்டாமே என்று திரையில் இருந்த ஐகானுக்குள்ளும் அதே வரியைப் போட்டுவிட்டேன். சுண்டுவிரல் எங்கே போய் விழுந்தாலும் இனி ஒன்றும் ஆகாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்ட சந்தோஷத்தில் அன்றைக்கு யாரையும் திட்டக்கூட இல்லை.

தெற்குக் கோடித் தீவுக்குப் போகும் கேம்பல் பே கப்பலுக்கு டிக்கெட் கொடுத்த நாளில் அந்தப் பூசணிக்காய் வெளியே வந்தது. பேங்க் வேலை என்று பொய் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பினால், வரிசை வாசல் படி வரைக்கும் நிற்கிறது. என் இடத்தில் பக்கத்து ஜன்னல் பெண் உட்கார்ந்திருந்தாள். கச்சால் தீவில் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவள், வாயில்லாப் பூச்சி. அவள் வலது கன்ட்ரோலை அழுத்துகிறாள், அழுத்துகிறாள், ஒன்றும் நடக்கவில்லை. வேறு கீபோர்டு கொண்டுவந்து மாட்டியும் அதே கதைதான். சூப்பர்வைசர் அவள் தலைக்கு மேல் நின்று கத்திக்கொண்டிருந்தார்.

"க்யா தபாயா தும்னே? எதை அமுக்கித் தொலைச்சே? சிஸ்டத்தையே கெடுத்து வெச்சிருக்கே!"

"நா ஒன்னும் செய்யல சார். சத்தியமா செய்யல."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கேம்பல் பேக்காரர் ஒருவர். பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்றவர் போல் விறைப்பாக நின்றார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மனைவி பெஞ்சில் சாய்ந்திருந்தாள். இந்தக் கப்பலை விட்டால் அடுத்தது எப்போது என்று யாருக்கும் தெரியாது.

'ஏதோ வயர் லூஸ் சார்' என்று சொல்லிவிட்டு நைசாகச் சரிசெய்திருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அந்தப் பெண் என்னை நிமிர்ந்து பார்த்தாள், கண் கலங்கியிருந்தது. கெடுத்தவள் என்ற பேர் அவள்மேல் நின்றுவிடும்.

"அவ இல்ல சார், நான்தான். மேரா ஹாத் காம் நஹீ கர்தா," என்றேன். என் கை வேலை செய்யாது என்பதை இந்தியில் சொல்லித் தொலைத்ததால் படி வரைக்கும் நின்ற அத்தனை பேருக்கும் புரிந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொண்டு செத்துவிடலாம் போல இருந்தது. எல்லோரும் பார்க்க, இடது கை ஒரு விரலால் கமாண்டை அடித்தேன். என் ஃபைலின் பெயரை விட்டுவிட்டு வெறும் புரோகிராமை மட்டும் திறந்தேன். அவள் வலது கன்ட்ரோலை அழுத்தினாள். பிரின்டர் கரகரவென்று ஓட ஆரம்பித்தது. சூப்பர்வைசர் உள்ளே போய்விட்டார். கொட்டகைக்கு ஆர்டர் எழுதத்தான் போகிறார் என்று நினைத்தேன்.

மதியம் அந்தப் பெண் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "சார் திட்டுனதுக்கு சாரி கேட்டாரு. நீங்க எங்கயும் போக வேணாமாம்," என்றாள். என் முகத்தைப் பார்க்காமல், "கை விஷயம் எங்களுக்கு முன்னாடியே தெரியும்க்கா. பட்டன் சமாச்சாரம்தான் தெரியாது."

"எப்பிடித் தெரியும்?"

"டிபன் பாக்ஸத் தொறக்க முடியாம பல்லால கடிச்சீங்களே, அன்னைக்கே. அதுலேர்ந்து நீங்க பைய வெச்சிட்டு அந்தாண்ட போனதும் மூடியக் கொஞ்சம் லூஸ் பண்ணி வெச்சிருவேன். நான் லீவு போட்டா சார் செய்வாரு."

டிபன் பாக்ஸின் திருகு மூடியைத் தொட்டேன், சுழன்றுகொண்டு வந்தது. கொஞ்ச நாளாக இந்த மூடி எளிதாகத் திறக்கிறது, கையில் பிடி திரும்பி வருகிறது என்று அன்று காலையில்தான் டாக்டரிடம் சொல்லிவிட்டு வந்திருந்தேன்.