வேலிக்கு வெளியே என் பிள்ளை

ஈப்போவிலிருந்து சாமியார் எங்க ரப்பர் தோட்டத்துக்கு எப்பவாவதுதான் வருவார். அவர் பூசை வைக்கிற அன்னிக்கே பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்கணும், கோலா கங்சார்ல இருக்கிற தன் அண்ணன்தான் ஞானத்தகப்பனா நிக்கணும்னு என் வீட்டுக்காரர் ஒத்தைக் கால்ல நின்னார். மழை பிடிச்சுக்கிச்சு. சாமியாரும் வரலை, அண்ணனும் வரலை. காய்ச்சல் மட்டும் யாரும் கூப்பிடாம வந்துச்சு.

காய்ச்சல்காரப் பிள்ளையோட இருக்க கங்காணி அன்னிக்கு என்னை விடலை. நான் காட்டுல ரப்பர் மரம் சீவிக்கிட்டிருந்தப்போ, பிள்ளைக் கொட்டகையில என் மகன் போயிட்டான். ஓடி வந்து தூக்கினேன். தலை ஈரமா இருந்துச்சு. வேர்வைன்னு நினைச்சேன். கொட்டகையில பிள்ளைங்களைப் பாத்துக்கிற அக்கா, நெத்தி நிறைய திருநீறு பூசுறவ, மூலையில உக்காந்துக்கிட்டு என் முகத்தைக்கூடப் பாக்கலை.

சாமியார் இல்லாதப்போ எங்களுக்கு செபம் சொல்லித் தர்ற உபதேசியார் வந்தார். ஞானஸ்நானம் வாங்காத பிள்ளை மோட்சத்துக்குப் போகாதாம். நரகமும் இல்லையாம். நடுவுல ஒரு இடம் இருக்காம். அங்க வலி கிடையாது, ஆண்டவர் முகமும் கிடையாது.

"அங்க நான் போவேனா?"னு கேட்டேன்.

"நீ ஞானஸ்நானம் வாங்கினவ. ஒழுங்கா இருந்து செத்தா உனக்கு மோட்சம்."

அப்போ நான் ஒழுங்கா இருந்தா என் பிள்ளையை என்னைக்கும் பாக்க முடியாது. இது என்ன நியாயம்னு கேக்க வாய் வரலை. கல்லறைத் தோட்டத்து வேலிக்கு வெளியே அவனைப் புதைச்சாங்க.

அழுகை வரலை. மறுநாள் விடியுமுன்ன எழுந்திருச்சு வேலைக்குப் போனேன். மாருல பால் கட்டி வலிச்சுச்சு, அதுவும் வேற யாருக்கோ வலிக்கிற மாதிரி இருந்துச்சு. மரத்துல பால் வடியறதைப் பாத்துக்கிட்டே நிப்பேன். லயத்து வீட்டுப் பொம்பளைங்க என்னைக் கல்லு மனசுக்காரின்னு பேசினாங்க. பேசட்டுமே, எனக்கென்ன!

மழை விட்டு ஒரு வழியா சாமியார் வந்தார். பூசை முடிஞ்சதும் அந்த அக்கா தயங்கித் தயங்கி என்கிட்ட வந்தா.

"கோவிச்சுக்காத தங்கச்சி. அன்னிக்கு மூச்சு இழுத்துக்கிட்டுக் கிடந்தான். அவசரத்துக்கு யார் வேணும்னாலும் ஞானஸ்நானத் தண்ணி ஊத்தலாம்னு உங்க உபதேசியார் கொட்டகை வாசல்ல பாடம் நடத்துனாரே, அதான் மங்குல தண்ணி மொண்டு ஊத்தினேன். ஊத்தின கையோட போயிட்டான். பச்சைத் தண்ணிய ஊத்தி நாந்தான் கொன்னுட்டேனோன்னு பயந்துபோயி வாயே தொறக்கலை."

மரத்துப் பால் பிடிக்கிற மங்கு! அவ கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு சாமியார்கிட்டப் போனேன். அவர் வெள்ளைக்காரர், தமிழை நிறுத்தி நிறுத்திப் பேசுவார். ஊத்தும்போது என்ன சொன்னாய் என்றார். பிதா, சுதன், இஸ்பிரீத்து சாந்துன்னு அவ ஒரு சொல் பிசகாம சொன்னா.

"ஏன் ஊற்றினாய்?"

"அவ பிள்ளை அவ சாமிகிட்டப் போகட்டும்னுதான்."

சாமியார் என்னைப் பார்த்து, "உன் பிள்ளை மோட்சத்தில் இருக்கிறான்" என்றார்.

அன்னிக்கே ஆம்பளைங்க வேலிக் கம்பத்தைப் பிடுங்கி, அவனும் உள்ளே இருக்கிற மாதிரி தள்ளி நட்டாங்க. நான் மரம் மாதிரி நின்னேன். சந்தோஷம் வரணும், வரலை. கைக்குழந்தை, தெரியாத இடம்.

"அங்க அவனை யார் தூக்குவாங்க சாமி?"

"மாதா இருக்கிறார்கள், அம்மா."

பக்கத்துல நின்ன அக்கா என் காதுகிட்ட வந்து, "இடது தோள்ல போட்டாத்தான் தூங்குவான். அந்த அம்மாகிட்ட சொல்லிரு" என்றாள்.

அந்தியில செபமாலை சொல்லி முடிச்சு, மாதாகிட்ட அதைச் சொன்னேன். அப்பத்தான் எனக்கு அழுகை வந்துச்சு.