கற்குவாரித் தெய்வங்கள்

அந்தக் கிழமை முழுக்க எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருந்தது. முதலில், வேலைக்குக் கொண்டுபோகும் மஞ்சள் ரப்பர் கையுறையில் வலக்கை உறையைக் காணவில்லை. வீட்டைத் தலைகீழாக்கித் தேடி, கிடைக்காமல், பழியைக் கணவர் தலையில் போட்டேன். பிறகு மாதா கோயிலில் ஞாயிறு பூசை முடிந்ததும் சுவாமி என்னைத் தனியே கூப்பிட்டு, என் பதின்மூன்று வயது மகள் மூன்று சனிக்கிழமையாக உறுதிப்பூசுதல் சடங்குக்கான வகுப்புக்கு வரவில்லை என்றார்.

பள்ளிக்கூட விளையாட்டு ஆசிரியை நடத்தும் பயிற்சி முகாமுக்கு அவள் போய்க்கொண்டிருந்தாள். அனுமதித் தாளில் கையெழுத்து வைத்தவள் நான்தான். பாஷை தெரியாத இந்த ஊருக்கு வந்த நாள் முதல் நீட்டிய தாளிலெல்லாம் வாசிக்காமல் கையெழுத்து வைத்துப் பழகிவிட்டேன். பழைய ரோமாபுரித் தெய்வங்களின் பெயரில் நடக்கும் முகாம் என்று அந்தத் தாளிலேயே எழுதியிருந்ததாம்.

"பெற்றோர் பார்க்க ஒரு நாள் இருக்கு. வந்து பாருங்கோ," என்றாள் மகள்.

"வாறன். சிலை கும்பிடுற வேலை ஏதும் கண்டனோ, அண்டைக்கே முகாமை நிப்பாட்டிப்போடுவன்."

பெற்றோருக்கு இடம் பரம ரகசியம். போகிற அன்று காலையில்தான் செய்தி வந்தது. கடற்கரைக்குப் போகும் மொண்டெல்லோ பஸ்ஸில் போய், மலையடிவாரத்தில் இறங்கி, பெயர்ப்பலகை இல்லாத துருப்பிடித்த இரும்புக் கதவின் முன் நின்றோம். மகள் மூன்று தரம் தட்டி லத்தீனில் ஏதோ சொன்னாள். உள்ளே இருந்து லத்தீனிலேயே பதில் வந்தது. கள்ளக் கூட்டமேதான் என்று நினைத்துக்கொண்டேன்.

கதவு திறந்ததும் என் வாய் தானாகத் திறந்தது. ஒரு காலத்தில் கல்லுடைத்த பெரும் பள்ளம் அது. மூன்று பக்கமும் செங்குத்துப் பாறை, அடியில் எலுமிச்சை மரங்கள், அவற்றின் நடுவே கயிற்றேணிகள், மரச்சக்கர வண்டிகள், ஒட்டுப்பலகையில் வெட்டி வர்ணம் பூசிய ஆளுயரத் தெய்வங்கள். கடல் தெய்வத்தின் முன்னால் நீண்ட தண்ணீர்த் தொட்டி. மிதக்கும் பலகைகளில் பிள்ளைகள் கால் நனையாமல் அதைக் கடந்து ஓடினார்கள். மகளும் ஓடிக் காட்டினாள். நான் மாதாவைக் கூப்பிட்டு முடிப்பதற்குள் அக்கரையில் நின்றாள்.

போர்த் தெய்வத்தடியில் என் கையில் ஓர் ஈட்டியைத் தந்தாள். "எறிஞ்சு பாருங்கோ அம்மா."

கோயிலுக்கு உடுத்தும் பாவாடையோடு எறிந்தேன். பத்து வருடமாகத் தரை துடைக்க மொப் பிடித்த கை அல்லவா, வைக்கோல் பொம்மையின் நெஞ்சில் போய்க் குத்தி நின்றது. சந்தோஷம் தாங்கவில்லை. இன்னொன்று கேட்டேன். ஆறு ஈட்டி எறிந்தேன். தாய் எட்டடி பாய்ந்தால் குட்டி பதினாறடி என்பார்களே, அன்று தாயை நிறுத்தத்தான் குட்டி படாத பாடு பட்டது. முடிவு சொல்ல வந்ததே மறந்துவிட்டது.

பிறகுதான் தெய்வங்களின் காலடியைப் பார்த்தேன். பதக்கம், சங்கு, பந்து என்று ஒவ்வொரு பிள்ளையும் ஏதோ வைத்திருந்தது. இறங்கிய கோபம் திரும்ப ஏறியது.

"நீ ஆருக்கு என்ன வைச்சனீ?"

"கும்பிடுறேல்லை அம்மா. ஆரைப் போல வர விருப்பமோ, அவருக்குப் பக்கத்திலை எங்கடை சாமான் ஒண்டை வைக்கிறது."

கடைசி மூலைக்குக் கூட்டிப்போனாள். அங்கே கொல்லர் தெய்வம் வல்கன் நின்றார். கரி பூசிய முகம், கோணல் கால், கையில் சுத்தியல்.

"இவ்வளவு வடிவான தெய்வங்கள் நிக்க, உனக்கு இந்த நொண்டியோ?"

"மற்றவை எல்லாரும் சண்டை பிடிக்கினம், இல்லாட்டி விருந்து சாப்பிடுகினம். இவர் மட்டும்தான் வேலைக்குப் போறவர்."

அவர் காலடியில் மஞ்சளாக ஒன்று கிடந்தது. உறையின் பெருவிரல் கிழிசலில் நான் ஒட்டிய நீலப் பிளாஸ்டர்கூட அப்படியே இருந்தது.

எனக்கு அழுகை வந்தது. அவளுக்கு முன்னாலேயே அழுதேன். அவள் பயந்துபோய் என் முகத்தைப் பார்த்தாள்.

"அப்ப, முடிவு என்னம்மா?"

"வகுப்பை ஞாயிற்றுக்கிழமைக்கு மாத்தச் சொல்லிச் சுவாமியோட நான் கதைக்கிறன்," என்றேன். "அடுத்த முறை வரேக்கை மற்றக் கை உறையையும் கொண்டு வாறன். ஒண்டை மட்டும் வைச்சுக்கொண்டு இந்தக் கொல்லர் மனுசன் என்னெண்டு வேலை செய்யிறது?"