அப்பா மறைத்த டொனோவன் பட்டியல்

முதலாம் ஆண்டு நினைவுத் திருப்பலிக்கு வந்து இந்த மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவுகளே, நண்பர்களே, அப்பாவைப் பற்றி நல்லதை மட்டும் எழுது என்றுதான் அம்மா சொன்னார். நல்லதுக்குக் குறைவில்லை. ஆனால் அதோடு நிறுத்த எனக்கு மனம் வரவில்லை.

அப்பா திருகோணமலையில் பிறந்தார். துறைமுகத்தில் எழுதுவினைஞராக இருந்தவர், கலவரத்தில் வீடு எரிந்த பின் எங்களைக் கூட்டிக்கொண்டு மொன்றியலுக்கு வந்தார். அங்கே லாசால் பகுதியில் ஓர் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் பதினாறு ஆண்டுகள் நின்றபடியே வேலை செய்தார். ஊரிலிருந்து புதிதாக வந்தவர்கள் வேலை கிடைக்கும்வரை எங்கள் வீட்டில்தான் படுத்தெழும்பினார்கள். அவர்களில் பலர் இதை வாசிப்பீர்கள்.

வேலைக்குப் போன முதல் நாளே மேற்பார்வையாளர் அப்பாவின் பெயர் அட்டையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாராம். எங்கள் குடும்பப் பெயரான டொனோவன் அயர்லாந்துப் பெயர். அங்கிருந்து வந்த கப்பல் தச்சர் ஒருவர் திருகோணமலையில் கலியாணம் செய்தார் என்பதற்கு மேல் அப்பாவுக்கும் ஒன்றும் தெரியாது. அன்று பிடித்தது வேர் தேடும் பித்து. சனிக்கிழமைகளில் மெட்ரோ ஏறி நூலகத்துக்குப் போவார். அயர்லாந்துப் பதிவகங்களுக்குக் கடிதம் எழுதுவார். பதில் வந்த நாளில் சாப்பாட்டு மேசையில் எங்களுக்கு இடமிருக்காது.

"நாங்களும் வெள்ளைக்காரர்தான் பிள்ளை, வெயிலிலை கொஞ்சம் கூட நிண்டிட்டம்" என்று சிரிப்பார்.

ஒருநாள் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. தடித்த உறை ஒன்று வந்திருந்தது. அதை வாசித்தவர் எல்லாக் கடதாசிகளையும் சூட்கேசில் வைத்துப் பூட்டினார்.

"என்னப்பா வந்தது?"

"அதிலை ஒண்டுமில்லை. விடு பிள்ளை."

அப்போது எனக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். அதன்பின் தம்பி படியேறும்போது அப்பா அவனை ஓடவிடமாட்டார். அவன் பந்து விளையாடப் போனால் திரும்பி வரும்வரை யன்னலடியில் நிற்பார். வயசு போகப் போகப் பயம் கூடுகிறது என்று நாங்கள் கேலி செய்தோம்.

சென்ற ஆண்டு, தெரு முடக்குக் கடையில் பால் வாங்கிக்கொண்டு நின்ற அப்பா அப்படியே சரிந்தார். வயது ஐம்பத்து மூன்று.

முப்பத்தோராம் நாள் நினைவு முடிந்த பிறகு சூட்கேசைத் திறந்தேன். எல்லாம் மரணப் பதிவுகளின் பிரதிகள். கப்பல் தச்சரின் தகப்பன், சகோதரர்கள், அவர்களின் மகன்மார். வயது நாற்பத்தாறு, ஐம்பத்தொன்று, நாற்பத்தெட்டு. ஒவ்வொன்றிலும் காரணம் ஒன்றுதான்: இதயம், திடீர் மரணம். அவற்றின் கீழே அப்பா தன் கையால் பெயர்களைச் சேர்த்திருந்தார். முதலில் அப்பப்பா. பிறகு, ஊரில் சண்டைக் காலத்தில் நெஞ்சடைத்துப் போன சித்தப்பா. பிறகு தன் பெயர், வயதுக்கு இடம் விட்டு. கடைசியில் என் பெயரும் தம்பியின் பெயரும்.

அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

"எனக்குத் தெரியும். உன்ர கலியாணம் முடியட்டும் எண்டார். பேந்து உனக்குப் பிள்ளை பிறக்கட்டும் எண்டார்" என்று அழுதார்.

அப்பா மீது எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. முன்பே வந்திருந்தால் அவரைக் காப்பாற்ற வழி இருந்திருக்கும் என்று பட்டியலைப் பார்த்த வைத்தியர் சொன்னார். என்னையும் தம்பியையும் பரிசோதித்தார். எனக்கு ஒன்றுமில்லை. தம்பிக்கு அதே இதய நோய் இருக்கிறது. அவனுக்கு இருபத்தாறு வயது.

"இதை அச்சடிச்சால் அவனுக்கு ஆர் பொம்பிளை குடுப்பினம்?" என்று அம்மா என் கையைப் பிடித்துக் கெஞ்சினார்.

"போடு அக்கா" என்றான் தம்பி.

அப்பாவைத் தூக்கி அம்புலன்சில் ஏற்றிய கடைக்காரருக்கும், ஒரு மாதம் எங்களுக்குச் சமைத்துத் தந்த அயலவருக்கும், பூசை ஒப்புக்கொடுத்த சுவாமியாருக்கும் எங்கள் நன்றி. திருகோணமலையிலும் லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கும் டொனோவன் வீட்டுப் பிள்ளைகளே, எங்களோடு கோபிப்பதென்றால் கோபியுங்கள். எங்கள் வீட்டில் சம்பந்தம் வேண்டாமென்றாலும் சரி. ஆனால் இந்த வாரமே போய் வைத்தியரிடம் நெஞ்சைக் காட்டுங்கள்.